ஆள் இல்லை, இயக்கலாம்

சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. எதிரே நின்ற நிஜச் சுவரில் அல்ல. அதை இழைத்து, வெள்ளையடித்து, ஒரு கீறல் விழாமல் வைத்திருந்தார்கள். கேமரா காட்டிய சுவரில்தான் ஓட்டை. திரையின் நடுவில், விரல் உயரத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு.

விதாத் லென்ஸைத் துடைத்தாள். திட்டு போகவில்லை. கம்பியைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். அப்போதும் போகவில்லை. "முசீபத்து பிடிச்சது" என்று கேமராவைத் திட்டினாள். பிறகு அதை விளையாட்டுச் சாமான் கடையில் மலிவு விலைக்கு மொத்தமாக அள்ளி வந்தவனைத் திட்டினாள். இந்த ஒரு மாதமாக அவள் எதைத் திட்ட ஆரம்பித்தாலும் அது லம்ஜத்தில் போய்த்தான் முடிந்தது.

நோன்பு மாதத்தில், பொழுது சாயும் நேரத்தில், ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்றால் அவருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அல்லது அவருக்கு லம்ஜத் முதலாளியாக வாய்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் மூன்று மணிக்கே போய்விட்டார்கள். கீழே துறைமுகச் சாலையில் கார்கள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வீடுகளை நோக்கிப் பறந்தன. எவனோ எவனையோ பரம்பரையோடு சேர்த்து ஏசினான். விதாத்துக்கும் வீட்டுக்குப் போக ஆசைதான். ஆனால் இந்தக் கேமராக்களுக்கு வெயில் ஆகாது. ஜன்னலுக்கு எவ்வளவு கனமான துணி போட்டாலும் எங்காவது ஒரு கீற்று உள்ளே வந்து அளவைக் கெடுத்துவிடும். அதனால் சோதனை என்றால் வெயில் தாழும்வரை காத்திருக்க வேண்டும். முடிவு நாளைக் காலைக்குள் வேண்டுமாம்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கேமரா கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும். அந்த ஒளி எதிலாவது பட்டுத் திரும்பி வரும். வந்ததை வைத்து, பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். தட்டையான சுவர் ஒன்றை எதிரே நிறுத்தி, லேசர் கருவியால் தூரத்தை அளந்துவிட்டு, கேமரா சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் கேமராவும் சுவரைத் தட்டையாகக் காட்டாது. சில மில்லிமீட்டர்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நெளியும். அதுதான் பிழை. பிழையே இல்லை என்று ஒரு கேமரா சொன்னால் அதைத் தூக்கிக் குப்பையில் போடு என்பது விதாத்தின் கட்சி. "மனுஷனுக்கும் அதே கணக்குதான் தங்கச்சி" என்பார் இஸ்ஸுத்தீன்.

இஸ்ஸுத்தீன்தான் இந்தச் சுவருக்கு முன்னால் நிற்பவர். வெறும் சுவரை அளந்த பிறகு ஆளை நிறுத்தி அளப்பார்கள். அந்த ஆள் அவர். வேலைக்குச் சேர்ந்தது கேமராக்களைப் பொருத்த. நின்றதெல்லாம் சுவருக்கு முன்னால். சின்ன வயதில் கால்பந்து ஆடி உடைத்துக்கொண்ட இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கைகளை உடம்பிலிருந்து விலக்கி, சிலை போல நிற்பார். "நேத்து என் பொண்டாட்டி குஸ்குஸ் பண்ணினா. வயிறு ரெண்டு சென்டிமீட்டர் முன்னால வந்திருக்கும், அதையும் கணக்குல சேத்துக்க" என்பார். அவர் நிற்கும் நிற்பைப் பார்த்து விதாத்துக்கே ஒரு மாதிரி இருக்கும். "மூச்சாவது விடுங்க அண்ணே" என்று கத்துவாள். அதன் பிறகுதான் அவர் நெஞ்சு ஒருமுறை உப்பி அடங்கும்.

விதாத் தலையை உதறிக்கொண்டு திரையைப் பார்த்தாள். திட்டு இன்னும் அங்கேயே இருந்தது.

கறுப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒளி போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதை அது கறுப்பாகச் சொல்கிறது. அந்த மலிவுப் பெட்டியிடம் இருந்த ஒரே நேர்மை அதுதான், லம்ஜத்துக்குப் பொறுக்காததும் அதுதான். "பூச்சி அரிச்ச துணி மாதிரி காட்டினா எவன் வாங்குவான்?" என்றான். ஓட்டைகளை நிரப்பும் வசதியைப் போடச் சொன்னான். அதைப் போட்டுவிட்டால், எங்கெல்லாம் கேமராவுக்குத் தெரியவில்லையோ அங்கெல்லாம் பக்கத்தில் இருப்பதை இழுத்துப் பூசிவிடும். பூசியது போக மிஞ்சும் சின்னத் துண்டுகளைத் தூசு என்று துடைத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். விதாத் எல்லோரும் இருந்த கூட்டத்திலேயே எழுந்து சொன்னாள்: "சார், பளபளப்பான கறுப்புத் துணி இந்த ஒளியை முழுங்கிடும். அந்த ஓட்டை ஒரு ஆளா இருக்கலாம்." லம்ஜத் சிரித்தான். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு எரிந்தது.

போன பெருநாளுக்கு அவன் ஊழியர்கள் எல்லோருக்கும் ஜாக்கெட் கொடுத்தான். பளபளக்கும் கறுப்பு ஜாக்கெட், அதே துணியில் கால்சட்டை.

அதைப் போட்டுக்கொண்டுதான் இஸ்ஸுத்தீன் பழைய அட்டைப்பெட்டிகளை நசுக்கிக் கட்டும் ஆலைக்குப் போனார். அழுத்து இயந்திரத்துக்கு மேலே அவர்களுடைய கேமரா. உள்ளே ஆள் இருந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டியது அதன் வேலை. கேமராவின் பிடி தளர்ந்திருந்தது. முடுக்குவதற்காக இயந்திரத்துக்குள் இறங்கினார். கேமரா அவரைப் பார்த்தது, தெரியவில்லை என்றது, அவர் மேல் அட்டையைப் பூசியது. வெளியே திரையில் பச்சை எழுத்து வந்தது: ஆள் இல்லை. இயக்கலாம். இயக்குகிறவன் இயக்கினான்.

நாளைக்குத் தொழிலாளர் ஆய்வாளர் வருகிறார். ஆலையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த அதே கேமராதான் இப்போது விதாத்தின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. ஓட்டை நிரப்பும் வசதியைப் போட்டு, சுவர் நேராக இருக்கிறது, கேமரா சரியாக இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. இஸ்ஸுத்தீன் உள்ளே தூங்கப் போனார் என்பது லம்ஜத் பரப்பிய கதை. அவர் மனைவி ஸபீஹா தொலைபேசியில் கேட்டாள்: "அட்டைக்குள்ள படுத்துத் தூங்கிட்டாராமே, மெய்யா அக்கா?" கையெழுத்துப் போட்டால் அதுதான் பதில்.

அவள் கேமராவை மாற்றிப் பார்த்தாள். அலமாரியிலிருந்து அதே வகையில் புதியது ஒன்றை எடுத்து முக்காலியில் வைத்தாள். சுவர் சுத்தமாக வந்தது, வழக்கமான நெளிவுகளோடு. பழையதைத் திரும்பப் பொருத்தினாள்.

திட்டு சாண் உயரத்துக்கு வந்திருந்தது.

இப்போது அதற்கு உருவம் இருந்தது. மேலே உருண்டையாக ஒன்று, அதற்குக் கீழே அகலமாக, கீழே இரண்டாகப் பிரிந்து. ஈரக்கசிவு சில நேரம் ஆள் மாதிரி தெரியுமே, அப்படித்தான் இதுவும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அளப்பவள் புத்தி சும்மா இருக்குமா? ஒரு ஆள் திரையில் இந்த உயரத்துக்குத் தெரிய வேண்டுமென்றால் அவன் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று மனசு தன்பாட்டில் கணக்குப் போட்டது. விடை வந்தது. அவன் சுவருக்கு அந்தப் பக்கம், நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். இது மூன்றாவது மாடி. அந்தப் பக்கம் தரையே கிடையாது.

அப்போதுதான் வாசனை மூக்கில் ஏறியது. நனைந்த அட்டை. அதோடு சூடான இயந்திர எண்ணெய்.

கதவு திறந்தது. அவள் நாற்காலியோடு துள்ளினாள். காவலாளி ஹெடி, கையில் துணியால் மூடிய கிண்ணத்தோடு நின்றார்.

"ஏம் மகளே, பேயைப் பாத்த மாதிரி பாக்குற? நோன்பு திறக்க இந்தா, பேரீச்சம்பழமும் மோரும். நோன்பு முடிஞ்சதுன்னு பீரங்கி போட இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"ஹெடி மாமா, ஏதாவது வாசனை வருதா?"

அவர் மூக்கை உறிஞ்சினார். "அட்டை நனைஞ்சு கெடக்கு எங்கயோ. படிக்கட்டுலேருந்தே வருது." கிண்ணத்தை மேசையில் வைத்தார். "மழைகூட இல்லியே. சரி, முதலாளி வண்டி இப்பதான் வந்துச்சு. சீக்கிரம் முடிச்சு அனுப்பிரு, அந்த ஆளு பசியோட இருந்தா கடிச்சுருவாரு." சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் தேய்ந்து, வெளிக்கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது.

கட்டடம் காலியானது. தெருவும் காலியானது. நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் அந்த ஊரில் ஓர் அமைதி விழும். கார் ஓடாது, குழந்தை கத்தாது, எல்லோரும் தட்டுக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விதாத்துக்குப் பிடித்த நேரம் அது. இன்றைக்கு அந்த அமைதிக்குள் வேறொன்று ஒலித்தது. எங்கோ தூரத்தில் மோட்டார் ஒன்று கிளம்பி, அழுத்தம் ஏற ஏற முனகுவது போல. காதை மூடினாள். மூடிய காதுக்குள்ளும் கேட்டது.

திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

முழ உயரம்.

கைகள் உடம்பிலிருந்து விலகியிருந்தன. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

முகம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. எவ்வளவு கறுப்பு உடுத்தினாலும் முகத் தோல் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஓட்டைக்குள் முகம் மட்டும் தீவு போலத் தெரியும். இதில் அதுவும் இல்லை. தலை இருக்க வேண்டிய இடம் கறுப்பு. கையும் கறுப்பு. இதற்குத் தூரமே இல்லை. எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று எந்த எண்ணும் சொல்லாது. பெரிதாவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிதாகிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றாள். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்த ஆத்திரம் அப்போதும் கொதித்தது. நான் சொன்னேன் அண்ணே. எழுந்து நின்று சொன்னேன். அவன் சிரித்தான்.

பாதங்கள் திரையில் கீழே இறங்கி வந்தன. சுவரும் தரையும் சேரும் கோட்டைத் தொட்டன.

கோட்டைத் தாண்டி ஒரு பாதம் வந்தது.

அவள் நிமிர்ந்து நிஜச் சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர். வெறும் தரை. ஒன்றும் இல்லை.

மறுபடி கதவு திறந்தது. லம்ஜத். ஒரு கையில் இனிப்புப் பெட்டி, உடம்பில் அதே பளபளக்கும் கறுப்பு ஜாக்கெட், கால்சட்டை.

"என்ன பொறியாளரம்மா, வீட்டுக்குப் போற எண்ணமே இல்லியா? என் பொண்டாட்டி சூப்பை வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. கையெழுத்தைப் போடு, கிளம்புவோம்."

அவனைப் பார்த்ததும் பயம் ஓரடி பின்வாங்கியது. அந்த இடத்தில் ஆத்திரம் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தது.

"கேமரா சரியா இருக்குன்னுதானே எழுதணும்?"

"சரியாத்தானே இருக்கு?"

"அப்ப போய் அந்தச் சுவர் முன்னால நில்லுங்க. உங்களைக் காட்டுச்சுன்னா கையெழுத்துப் போடறேன்."

"இந்த நேரத்துல உனக்கு விளையாட்டு." சிரித்தான். அதே சிரிப்பு. "பசி உனக்குக் கண்ணை அடைக்குது. சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன்." இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய் நின்றான். ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்; அறை குளிர்ந்திருந்தது.

விதாத் அவன் விரும்பியபடியே ஓட்டை நிரப்பும் வசதியைப் போட்டாள். திரையில் சுவர் வந்தது. அந்தரத்தில் அவன் முகமும் இரண்டு கைகளும் மட்டும் ஒரு கணம் தொங்கின. பிறகு அவற்றையும் தூசு என்று துடைத்துவிட்டது. சுத்தமான வெள்ளைச் சுவர். கீழே பச்சை எழுத்து.

திரையை அவன் பக்கம் திருப்பினாள். "பாருங்க. வாய்விட்டுப் படிங்க."

அவன் படிக்கவில்லை. முகம் மட்டும் ஒருமுறை வெளிறியது.

"அது ஜாக்கெட்டாலதான்" என்றான்.

"ஆமா. ஜாக்கெட்டாலதான்! அவரும் அதைத்தான் போட்டிருந்தாரு. நீங்க கொடுத்தது. தூங்கப் போனாருன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்களே, உங்களுக்கு நாக்கு கூசலையா?"

"கத்தாத. அடுத்த தடவை வேற கலர் கொடுத்துட்டாப் போச்சு. செத்தவன் செத்துட்டான், இருக்கறவங்க சோறு திங்க வேண்டாமா? கையெழுத்தைப் போடு தங்கச்சி."

தங்கச்சி. இந்த வாயிலிருந்து. விதாத் திரையைத் தன் பக்கம் இழுத்து, நிரப்பும் வசதியை அணைத்தாள்.

இரண்டு ஓட்டைகள்.

ஒன்று லம்ஜத். கறுப்பு உடம்பு, அதன் மேல் முகத் தீவு, இரண்டு கைத் தீவுகள். மற்றொன்று அவனுக்குப் பக்கத்தில். தலையும் கறுப்பு. இடது தோள் இறங்கியிருந்தது. அசையாமல் நின்றது. இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். நிரப்பும் வசதிதான் அதை மறைத்திருந்தது.

நேரில் லம்ஜத் மட்டும் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நகருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த நொடியை அவள் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். "சார். இந்தப் பக்கம் வந்துருங்க."

"உன் நாடகத்தை இதோட நிறுத்து."

"சார், வாங்க!"

திரையில் இரண்டாவது ஓட்டை நகர்ந்தது. லம்ஜத்தின் கைத் தீவு அணைந்தது. மற்றக் கையும் அணைந்தது. இப்போது அது அவனுக்கும் கேமராவுக்கும் நடுவில். நேரில் லம்ஜத் பேசிக்கொண்டே இருந்தான். நாளைக்கு யார் என்ன சொல்ல வேண்டும் என்று ஏதோ. திரையில் அவன் முகமும் அணைந்தது.

ஒரே ஓட்டை.

மோட்டார் முனகல் அறைக்குள் வந்துவிட்டது. சுவரில், தரையில், அவள் பற்களில். லம்ஜத் பேச்சை நிறுத்தினான். என்ன சத்தம் என்று கேட்பது போல வாயைத் திறந்தான்.

துறைமுகத்தில் பீரங்கி வெடித்தது. ஊர் முழுக்கப் பள்ளிவாசல்களில் பாங்கு எழுந்தது. விளக்கு அணைந்தது.

இருட்டில் திரை மட்டும். ஓட்டை ஒடுங்கிற்று. இரண்டு பக்கமும் ஏதோ நெருக்குவது போல. மெல்ல. அகலம் போயிற்று. பிறகு மேலிருந்து. உயரம் போயிற்று. நாலு பக்கமும் நேராக, மூலைகள் கூராக. அட்டை மடங்கும் சத்தம். அட்டையில்லாத ஒன்று மடங்கும் சத்தம். அவள் கத்தினாள். பாங்கோசையில் யாருக்கும் கேட்கவில்லை.

அவள் தொடாமலே நிரப்பும் வசதி வந்து உட்கார்ந்தது.

திரையில் சுவர். நெளிவே இல்லாத சுவர். ஓரத்தில் எண் மின்னியது. பிழை: பூஜ்யம்.

விளக்கு வந்தது.

மேசையில் இனிப்புப் பெட்டி இருந்தது. பேரீச்சம்பழம் இருந்தது. சுவருக்கு முன்னால், லம்ஜத் நின்ற இடத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு சதுரக் கட்டு இருந்தது. பளபளக்கும் கறுப்புத் துணி, குறுக்கும் நெடுக்கும் இறுக்கிய கம்பி, ஆலையில் அட்டையைக் கட்டுவார்களே, அதே மாதிரி. அடியிலிருந்து எண்ணெய் கசிந்து அவள் செருப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

விதாத் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டு ஒருமுறை உப்பி, கம்பி கிறீச்சிட, மெல்ல அடங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி உப்பியது.

திரையில் பச்சை எழுத்து அசையாமல் நின்றது. ஆள் இல்லை. இயக்கலாம்.